இடது பக்கத்துச் சூடு

அன்று "வெட்டாதீங்க" என்று சொன்னது நான்தானா? ஒரு வருஷம் ஆகப்போகிறது. இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

என்னைத் தெரிந்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள். கேஸை மூடினேனா என்ற சந்தேகத்தில் பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடியிருக்கிறேன். மகளுக்கு ஸ்வெட்டர் போடுவேன். வியர்க்குமோ என்று கழற்றுவேன். மைசூர்க் காலைக் காற்று ஆகாதே என்று மறுபடி போடுவேன். அதற்குள் அவள் அழத் தொடங்கியிருப்பாள். அழுததால் உடம்பு சுடுகிறதா, காய்ச்சலால் சுடுகிறதா என்று தெர்மாமீட்டரைத் தேடுவேன். என் கணவர் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறார். "நம்ம வீட்ல பேஷன்ட் நீதான், அவ இல்ல" என்பார்.

இப்படிப்பட்ட நான், ஒரு ரேஸ் காருக்குப் பக்கத்தில் நின்று, கையில் கட்டரோடு வந்த மனிதரைப் பார்த்து "வேண்டாம், வெட்டாதீங்க" என்று சொன்னேன். அதுவும் எல்லோர் முன்னாலும்.

எங்கள் கம்பெனி ஹெப்பாள் தொழிற்பேட்டையில் இருக்கிறது. பெரிய ஐடி வளாகத்தின் மதிலைத் தாண்டிப் போனால் வரிசையாக ஷெட்டுகள் வரும். அவற்றில் ஒன்று எங்களுடையது. வெளியே இருந்து பார்த்தால் அட்டைப்பெட்டி செய்யும் இடம் என்று தோன்றும். உள்ளே, ஒற்றை ஆள் உட்காரும் ரேஸ் கார்களைச் செய்கிறோம். சின்ன கம்பெனிதான். ஆனால் அந்த ஷட்டரை ஏற்றி முதல் தடவை உள்ளே பார்க்கிறவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார்கள். அந்த அமைதி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அங்கே என் வேலை காற்று. சர்ச்சில் யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்வேன். "ஃபேன் கம்பெனியாம்மா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு நகர்ந்ததும் உண்டு. இங்கே கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் இதில்தான் இருக்கிறது.

ரேஸ் காரைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். ஓட்டுகிறவர் நடுவில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு இரண்டு பக்கமும், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில், புடைத்த மாதிரி ஒரு பகுதி இருக்கும். அதன் பெயர் சைட்பாட். அதன் முன்னால் ஒரு வாய். ஓடும்போது அந்த வாய் வழியாகக் காற்று நுழைகிறது. உள்ளே சாய்வாக நிற்கும் ரேடியேட்டரைக் கடக்கிறது. எஞ்சினிலிருந்து வந்த தண்ணீரின் சூட்டை வாங்கிக்கொண்டு பின்பக்கமாக வெளியே போகிறது. காற்று சரியாகப் போகாவிட்டால் எஞ்சின் கொதித்துவிடும்.

அப்படியானால் வாயைப் பெரிதாக வைத்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். எனக்கும் பல வருஷம் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ரேடியேட்டர் வாங்கிக்கொள்ளும் அளவுக்கு மேல் வரும் காற்று உள்ளே போகாது. வாசலிலேயே முட்டி நின்று, வெளியே வழிந்து, காரின் ஓரமாகச் சுத்தமாகப் பின்னால் போய்க்கொண்டிருந்த காற்றையும் கெடுத்துவிடும். கார் மெதுவாகும், பின்பக்கம் ஆடும். பயந்து பெரிதாக வைக்கும் வாய்க்கு ஒவ்வொரு சுற்றிலும் விலை உண்டு.

நான் பயப்படுகிறவள். அதனால் என் வாய்கள் எல்லாமே பெரியவை. எங்கள் ஹெட் மெக்கானிக் கொள்ளேகால்காரர். கம்பெனியில் என்னோடு தமிழில் பேசும் ஒரே ஆள். அவர் எனக்கு வைத்த பெயர் "மார்ஜின் மேடம்". எதற்கும் இருக்கட்டும் என்று கூடுதலாக விட்டு வைக்கிற அளவுக்கு எங்கள் வேலையில் மார்ஜின் என்று பெயர். "போன காருக்கு நீங்க வெச்ச வாய் இருக்குதே மேடம், அதுக்குள்ள என்ற மச்சான் குடும்பத்தோட குடியிருக்கலாமுங்க" என்பார். கன்னடக்காரப் பையன்களுக்கு அதையே கன்னடத்தில் சொல்லி இன்னொரு தடவை சிரிக்க வைப்பார்.

மகள் பிறந்து, விடுப்பு முடிந்து, திரும்பி வேலைக்கு வந்தபோதுதான் இந்தக் கார் என் கையில் வந்தது. முன்பெல்லாம் ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்திருப்பேன். அதிக வெயில் இருந்தால் என்ன ஆகும், முன்னால் போகும் காரின் சூடான காற்று வந்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பேன். ஒவ்வொன்றுக்கும் வாயைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குவேன். இப்போது அது நடக்காது. ஐந்தரைக்குத் தொழிற்பேட்டை பஸ் கிளம்பிவிடும். அதை விட்டால் மகள் தூங்கிய பிறகுதான் வீடு. அதனால் வாயை விட்டுவிட்டு, ஒரே ஒரு விஷயத்தைப் பார்க்க வேண்டியதாயிற்று: உள்ளே வந்த காற்று எப்படி வெளியே போகிறது?

போகவே இல்லை. பழைய கார்களில் ரேடியேட்டரைத் தாண்டிய சூடான காற்று கியர்பாக்ஸுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டு சுழன்றுகொண்டிருந்தது. பின்வாசல் அடைத்திருக்கும்போது முன்வாசலை எவ்வளவு அகலமாக்கி என்ன? இது பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். எனக்கு மட்டும் பயத்தில் கண்ணில் படாமல் போயிற்று. பின்வாசலைத் திறந்து, உள்ளே குழாயை மெல்ல மெல்ல விரித்து, காற்று வேகம் குறைந்து ரேடியேட்டர் முகம் முழுக்கப் பரவும்படி செய்தேன். வாய்க்குக் கீழே இருந்த சதையை உள்பக்கமாக வெட்டி, வெளிக்காற்றுக்குத் தனிப் பாதை கொடுத்தேன். அதன் பிறகு பார்த்தால் வாய் மூன்று விரல் உயரம் குறைந்திருந்தது.

டீமை நடத்தும் சார் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏனம்மா, உன் மார்ஜின் எல்லாம் எங்கே போச்சு?" என்று கன்னடத்தில் கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாச்சு சார் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

கார்பன் ஃபைபரில் ஒரே ஒரு ஜோடி செய்தோம். டெஸ்டில் அது தேறினால் அதை வைத்தே மோல்டு, அதாவது அச்சு, எடுப்போம்; அந்த ரேஸ் தொடரில் ஓடுவது எல்லாமே நாங்கள் செய்யும் கார்கள் என்பதால், அந்த சீசனின் எல்லாக் கார்களுக்கும் அதுவே போகும். தேறாவிட்டால் பழைய பெரிய வாய். அவ்வளவுதான். திரும்பி வந்த பிறகு நான் செய்த முதல் வேலை அது. எனக்கு அது எவ்வளவு முக்கியம் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. கணவரிடம் மட்டும், "தேறலைன்னா வேலையை விட்டுடுவேன்" என்று ஒரு தடவை சொன்னேன். "சரி, அப்ப சட்னியிலேயும் மார்ஜின் வைப்ப" என்றார்.

டெஸ்டுக்கு முந்தின வாரம் ஆயுத பூஜை வந்தது. மைசூரில் அந்த நாளில் சந்தனமும் குங்குமமும் படாத சக்கரம் இருக்காது. சைக்கிள், ஆட்டோ, பஸ், எல்லாவற்றுக்கும் வாழைக்கன்று கட்டி மாலை போட்டிருப்பார்கள். எங்கள் ஷெட்டிலும் குடும்பத்தோடு வரச் சொல்வார்கள். மெக்கானிக் அண்ணன்தான் எல்லா ஏற்பாடும் செய்வார். லேத்துக்கு மாலை, கம்ப்ரஸருக்கு மாலை, என் கம்ப்யூட்டருக்குக்கூட ஒரு பொட்டு. டிசம்பரில் கேக் வெட்டுவதும் அவர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்று புதுக்காரை நடுவில் நிறுத்தியிருந்தார்கள். செண்டுமல்லிச் சரம் மூக்கிலிருந்து வால் வரை. இரண்டு பக்கமும் தரையில் தட்டுகளில் உதிரிப்பூ, பொரி, கடலை, வெல்லம். என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. நல்ல வெயில். நான் ஸ்வெட்டரைக் கழற்றச் சம்மதித்தேன், ஸாக்ஸைக் கழற்றச் சம்மதிக்கவில்லை. சிமென்ட் தரை ஜில்லென்று இருக்கும் அல்லவா? மஞ்சள் ஸாக்ஸ், கணுக்காலில் வாத்து போட்டது.

அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த வயதில் எங்கே ஒரு சந்து தெரிந்தாலும் அதில் எதையாவது போட்டுவிடுவாள். வீட்டுச் சாவி அரிசி டப்பாவில் இருக்கும். அப்பாவின் ஷூவுக்குள் ஸ்பூன் இருக்கும். ஒரு நாள் மிக்ஸியின் அடியில் இருக்கும் காற்றுத் துளையில் முறுக்கை ஒடித்து ஒடித்துச் செருகி வைத்திருந்தாள். போட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்து "ஆச்சு" என்பாள்.

சார் வாசலில் பூசணிக்காய் உடைக்கும் நேரத்தில் எல்லோரையும் அங்கே போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். மகளைக் கணவரிடம் கொடுத்துவிட்டுப் போய் நின்றேன். ஐந்து நிமிஷம் இருக்கும். திரும்பி வந்தபோது கணவர், போட்டோவுக்கு வராமல் பிரசாதத்தைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக் அண்ணனோடு, காருக்குப் பக்கத்தில் நின்று கேசரிபாத்தின் நெய்யைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மகள் அவர் காலடியில் சமர்த்தாக நின்றுகொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்தபோது ஒரு காலில் ஸாக்ஸ் இல்லை. வண்டியில் விழுந்திருக்கும் என்று அவரும், நீங்க பார்க்கவே இல்லை என்று நானும் கொஞ்ச நேரம் சண்டை போட்டோம். அதோடு மறந்துவிட்டோம்.

டெஸ்ட் கோயம்புத்தூர் பக்கம் ஒரு டிராக்கில். சாம்ராஜ்நகர் தாண்டி திம்பம் மலைப்பாதையில் வேன் இறங்கும்போது எனக்கு ஒவ்வொரு வளைவிலும் ஒரு சந்தேகம் வந்தது. வாயை ஒரு விரலாவது பெரிதாக விட்டிருக்கலாமோ? அன்றைக்கு ஓட்டிப் பார்க்காமல் விட்ட கணக்கு எது? மகள் பிறந்த பிறகு அவளை விட்டு நான் ராத்திரி தங்கியது அதுதான் முதல் தடவை. பைக்குள் லேப்டாப்போடு அவளுடைய ஒரு சட்டையும் இருந்தது. எதற்கு எடுத்து வைத்தேன் என்று தெரியவில்லை.

காலையில் பிட்டிலிருந்து, அதாவது டிராக் ஓரத்தில் காரை நிறுத்தி வேலை பார்க்கும் இடத்திலிருந்து, கணவருக்குப் போன் செய்தேன்.

"ஸாக்ஸ் போட்டீங்களா?"

"ஒரு கால்லதான். இன்னொண்ணு காணோமே."

"வேற ஜோடி இருக்குல்ல?"

"இருக்கு. ஆனா இவளுக்கு வாத்துதான் வேணுமாம். ஒத்தை வாத்தோட நடந்துட்டிருக்கா. ஏம்மா, நீ அங்க காரைப் பாரு. எங்க வாத்தை நாங்க பாத்துக்கிறோம்."

ரேஸ் காருக்குள் ஃபேன் கிடையாது. நிற்கும்போது ரேடியேட்டருக்குக் காற்று வேண்டும் என்பதால், வெளியே இருந்து ஒரு ப்ளோயரை சைட்பாட் வாயில் வைத்து ஊதுவார்கள். எஞ்சினைச் சூடாக்கும்போது இரண்டு பக்கமும் பையன்கள் ப்ளோயரோடு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு கார் கிளம்பியது. முதல் இரண்டு சுற்று மெதுவாக. அப்புறம் வேகம்.

அந்தச் சத்தத்தில், என் கையால் வளைத்த ஒரு வளைவு வெயிலில் மின்னிக்கொண்டு போவதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. பெட்ரோல் புகை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன்.

அப்புறம் திரையில் தண்ணீர்ச் சூடு ஏறத் தொடங்கியது. நின்றுவிடும் என்று பார்த்தேன். நிற்கவில்லை. சிவப்புக் கோட்டைத் தொடப்போகும்போது சார் ரேடியோவில் காரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்.

கார் வந்து நின்றது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மெக்கானிக் அண்ணன் கட்டரை எடுத்துக்கொண்டு வந்தார். மேல்மூடியில் மீன் செவுள் மாதிரி வரிசையாக வெட்டுப் போட்டால் சூடு மேலே வெளியேறிவிடும். அவசரத்துக்கு எல்லோரும் செய்கிற காரியம்தான். ஆனால் இருந்தது ஒரே ஜோடி. வெட்டிவிட்டால் அந்த வடிவம் அத்தோடு முடிந்தது. "பாவம், வாய் பத்தலை" என்று ஆகிவிடும். மோல்டு பழைய வாய்க்குப் போகும்.

"நாலு செவுள் போட்டா ஆச்சுங்க மேடம். எஞ்சின் மூச்சு விட வேண்டாமுங்களா?" என்றார். அவர் குரலில் கேலி இல்லை. என் மேல் இரக்கப்பட்டுப் பேசினார். அந்த இரக்கம் எனக்குத் தாங்கவில்லை.

திரையைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் தனித்தனி ரேடியேட்டர். இரண்டிலிருந்தும் திரும்பி வரும் தண்ணீரின் சூடு தனித்தனியாகத் தெரியும். வலது பக்கம் நான் கணக்குப் போட்டபடியே இருந்தது. இடது பக்கத்தில் தண்ணீர் சூடு குறையாமலே திரும்பி வந்துகொண்டிருந்தது.

"வெட்டாதீங்க" என்றேன்.

அவர் நின்றார். சார் திரும்பினார். அவருக்காகக் கன்னடத்துக்கு மாறினேன்.

"ரெண்டு பக்கமும் ஒரே வாய் சார். வாய் தப்புன்னா ரெண்டும் சுடணும். இடதுதான் சுடுது. இடது பக்கம் உள்ள ஏதோ இருக்கு. கழட்டிப் பாக்கணும்."

"மூடியை எடுத்தா ரேடியேட்டரோட முதுகுதான் தெரியும். முகத்தைப் பார்க்கணும்னா குழாயையே கழட்டணும். மத்தியானம் வரைக்கும் போயிடும்" என்றார் சார். "வெட்டினா இப்பவே ஓடலாம். இங்க வலது வளைவு ஜாஸ்தி. அதனால இடது பக்கம் காத்து குறைஞ்சிருக்கலாம் இல்லையா? இல்ல, அந்த சென்சாரே பொய் சொல்லலாம்."

இரண்டும் நடக்கக்கூடியவைதான். இரண்டும் என் மனசிலும் ஓடிக்கொண்டிருந்தன. அதுவும் அந்த வளைவு விஷயம், அதை நான் சரியாகக் கணக்குப் பார்த்திருக்கவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் நான் "ஆமா சார், இருக்கலாம்" என்று சொல்லிவிடுவேன். இருக்கலாம் என்ற சொல்லில் நான் பல வருஷம் குடியிருந்திருக்கிறேன்.

"இருக்கலாம் சார். ஆனா வெட்ட வேண்டாம். கழட்டிப் பாத்து ஒண்ணும் இல்லைன்னா, கட்டரை என்கிட்ட குடுங்க. நானே வெட்டறேன்."

சார் காரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரி, பிச்சி நோடோணா" என்றார். கழற்றிப் பார்ப்போம்.

பையன்கள் மூடியை எடுத்தார்கள். பின்பக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. குழாயைச் சுற்றி ஒட்டியிருந்த டேப்பைக் கிழித்தார்கள், ஸ்க்ரூக்களைத் தட்டில் போட்டார்கள். நான் உள்ளுக்குள் ஜெபம் செய்துகொண்டிருந்தேன், எதற்கென்று சரியாகத் தெரியாமல். ஒரு ரேடியேட்டர் அடைந்திருக்க வேண்டும் என்று யாராவது ஜெபம் செய்வார்களா?

குழாய் வெளியே வந்தது. மெக்கானிக் அண்ணன் டார்ச்சை உள்ளே அடித்தார். அப்படியே குனிந்து நின்றார். பிறகு மெதுவாக நிமிர்ந்தார்.

"மேடம், உள்ள பூஜை நடந்திருக்குதுங்க."

ரேடியேட்டர் முகம் முழுக்க ஆரஞ்சு நிறம். செண்டுமல்லி இதழ்கள், ப்ளோயர் ஊதிய ஊதலில் அடைபோல ஒட்டிக்கொண்டிருந்தன. நடு நடுவே பொரி. அது சூட்டில் நன்றாக வறுபட்டிருந்தது. ஒரு பையன் எடுத்து மோந்து பார்த்தான். கீழ் மூலையில், எல்லாவற்றையும் பிடித்து நிறுத்திக்கொண்டு, உருண்டையாக என்னவோ ஒன்று. அண்ணன் நீள மூக்குக் கொறடாவை விட்டு அதை இழுத்தார். மஞ்சளாக வந்தது. விரித்தார்.

"இது எந்தக் காரோட ஸ்பேர் பார்ட்டுங்க மேடம்? வாத்து போட்டிருக்குது."

என் கைகள் தானாகவே வாயைப் பொத்திக்கொண்டன. அந்த சைட்பாட் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்றரை வயதுக் குழந்தை நின்றால், முகத்துக்கு நேராக. அவளுக்கென்றே அளவெடுத்து வைத்த மாதிரி ஒரு சந்து. பக்கத்திலேயே ஒரு தட்டு நிறையப் பூவும் பொரியும். அந்த ஐந்து நிமிஷத்தில் அவள் எவ்வளவு மும்முரமாக வேலை செய்திருப்பாள். எல்லாவற்றையும் போட்டு முடித்த பிறகு, போடுவதற்கு வேறு ஒன்றும் இல்லாமல், உட்கார்ந்து ஸாக்ஸைக் கழற்றியிருக்கிறாள். "ஆச்சு" என்று கையை விரித்திருப்பாள். நெய்யைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த இருவர் காதிலும் விழுந்திருக்காது.

"யாருது இது?" என்றார் சார்.

"என் பொண்ணோடது சார்."

மெக்கானிக் அண்ணன்தான் ஆரம்பித்தார். "அப்படிப் போடுங்க! டிசைன் அம்மா, டெஸ்டிங் பொண்ணுங்களா! கம்பெனிக்கு ஒரே சம்பளத்துல ரெண்டு எஞ்சினியருங்க சார்!" சார் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். வாத்தை ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்தார்கள். காரை ஓட்டும் பெங்களூர்ப் பையன் ஹெல்மெட்டோடு வந்து, இதை வைத்துக்கொண்டா நான் அத்தனை சுற்று ஓட்டினேன் என்று கன்னடத்தில் கேட்டான். நான் மட்டும் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றேன்.

ரேடியேட்டரைக் கழுவி, குழாயை மாட்டி, டேப் ஒட்டி முடிக்க மத்தியானம் தாண்டிவிட்டது. வெயில் இன்னும் ஏறியிருந்தது. ஒரு விதத்தில் எனக்கு அது பிடித்திருந்தது. இந்த வெயிலில் தேறினால் எந்த வெயிலிலும் தேறும். கார் கிளம்பியது. நான் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

சூடு ஏறியது. ஏறி, காலையில் தாண்டிய அந்த இடத்துக்கு வந்தது. நின்றது. இடதும் வலதும் அக்கா தங்கை மாதிரி பக்கத்தில் பக்கத்தில் ஓடின. சுற்று மேல் சுற்று. சிவப்புக் கோடு எங்கேயோ மேலே தனியாக இருந்தது.

கார் திரும்பி வந்ததும் அந்தப் பையன் இறங்கி, நேராக என்னிடம் வந்தான். வேகமான வளைவுகளில் காரின் பின்பக்கம் ஆடவே இல்லை, என்ன செய்தீர்கள் என்று கேட்டான். வாய்க்குக் கீழே நான் வெட்டிக் கொடுத்த பாதை அது. அவனுக்கு அது தெரியாது. தெரியாமலே அவன் முதுகில் அதை உணர்ந்திருக்கிறான். அந்த நிமிஷத்தை நான் இன்னும் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

சார் திரையிலிருந்து திரும்பினார். "மோல்டு இதுக்கே எடுத்துடலாம்" என்றார். மெக்கானிக் அண்ணன் கட்டரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்து, "இனிமே உங்களை மார்ஜின் மேடம்னு கூப்பிட முடியாதுங்களே, புதுப் பேரு யோசிக்கோணும்" என்றார். இன்று வரை யோசித்துக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து கணவர் முன்னால் ஸாக்ஸை வைத்தேன். முழுக் கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டு ஸாக்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் டியூட்டியில நடந்திருக்கு" என்றார் கடைசியில், மருத்துவமனையில் சொல்லும் குரலில். மகள் வந்து ஸாக்ஸை எடுத்துப் பார்த்தாள். அவளுக்கு ஆச்சரியமே இல்லை. கொண்டு போய் அப்பாவின் ஷூவுக்குள் போட்டாள்.

அந்த சீசன் முழுக்க அந்த வாயோடுதான் எங்கள் கார்கள் ஓடின. எதுவும் கொதிக்கவில்லை. ரேஸ் நாளில் போனில் பார்த்துக்கொண்டிருப்பேன். பத்துப் பதினைந்து கார்கள் ஒன்றாக வளைவில் திரும்பும்போது மகளுக்குக் காட்டுவேன். "அம்மா கார்" என்று எல்லாவற்றையும் காட்டுவாள். சரிதான், அம்மா கார்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு இப்போது கூச்சமில்லை.

ஆனால் முதலில் கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது. உள்ளே ஒன்றுமே இல்லாமல் இருந்திருந்தால்? சார் சொன்ன வளைவு காரணம் உண்மையாக இருந்திருந்தால்? அன்று எனக்குத் தெரிந்திருந்தது பாதிதான். மீதிப் பாதியை எங்கிருந்து எடுத்தேன்? அறிவா, பிடிவாதமா, அந்த இரக்கத்தின் மேல் வந்த கோபமா? தெரிந்தால் ஸ்வெட்டர் விஷயத்திலும் அதையே எடுத்துப் பயன்படுத்துவேன். நேற்றுக் காலையில்கூட மூன்று தடவை போட்டுக் கழற்றினேன்.

இப்போது எனக்கு ஒரு யோசனை தேவைப்படுகிறது. அதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

அந்த ஸாக்ஸை மெக்கானிக் அண்ணன் என்னிடமிருந்து கேட்டு வாங்கிக்கொண்டு போய், ஷெட்டில் ஸ்பேனர்கள் தொங்கும் போர்டில் மாட்டிவிட்டார். எந்தக் கார் டிராக்குக்குக் கிளம்பினாலும் அதை ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் பையன்கள் லாரியில் ஏறுகிறார்கள். அது மாட்டிய பிறகு ஒரு எஞ்சினும் கெட்டுப்போகவில்லை என்பது அவர்கள் கணக்கு. நான் பின்வாசலைப் பற்றி எவ்வளவு விளக்கினாலும், "அதுவும் இருக்குங்க மேடம், வாத்தும் இருக்குதுங்கல்ல" என்கிறார்.

அடுத்த வாரம் மறுபடி ஆயுத பூஜை. புதுக்கார் நடுவில் நிற்கப்போகிறது. இதன் வாய் இன்னும் சிறியது, இன்னும் கொஞ்சம் கீழே. "சின்ன மேடம் வந்து மொதப் பூ வெக்கலீன்னா நான் பூசணிக்கா வாங்கவே மாட்டனுங்க" என்று அண்ணன் ஒற்றைக் காலில் நிற்கிறார். சாரும் சிரித்துக்கொண்டே, கூட்டிக்கொண்டு வா என்கிறார். கணவர், "தாராளமா போ. இந்தத் தடவை டியூட்டி உன்னுது" என்று சொல்லிவிட்டார். மகளுக்கு இப்போது இரண்டரை வயது. கை இன்னும் ஆழமாகப் போகும். ஆனால் சொன்னால் புரிந்துகொள்கிறாள், சில நாட்களில். போன வாரம் ரிமோட்டை வாஷிங் மெஷினிலிருந்துதான் எடுத்தேன்.

கூட்டிப் போகாவிட்டால் அந்தப் பையன்களின் முகம் வாடிவிடும். அவளுக்கும் தன் அம்மா செய்த காரைக் கிட்டே நின்று தொட்டுப் பார்க்கிற நாள் அது. கூட்டிப் போனால், நான் ஒரு நிமிஷம்கூடக் கண்ணை எடுக்க முடியாது. கண்ணை எடுக்காமல் இருந்தால் போட்டோவில் எப்படி நிற்பது?

இந்த வயதுக் குழந்தைகளை வேலை செய்யும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போன அம்மாக்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். கூட்டிப் போகலாமா? போனால், ஸாக்ஸோடா, வெறுங்காலோடா?